மரத்துப் போகாம மெலியுற கை

வலது உள்ளங்கையை மேசை மேல வைங்க. கட்டை விரலை ஆள்காட்டி விரலோட அழுத்தி ஒட்டுங்க. ரெண்டுக்கும் நடுவுல புறங்கையில ஒரு சதை எழும்பும். இப்ப கையைத் திருப்புங்க. கட்டை விரல் அடியில ஒரு மேடு, சுண்டு விரல் பக்கம் ஒரு மேடு. இந்த மூணு சதையைப் பத்திதான் இந்த த்ரெட்.

ஐம்பது தாண்டின ஒரு தையல்காரர் வந்தார். ஊசி பிடிக்க முடியல, பட்டன் போட முடியல. கையில கழுத்து எம்.ஆர்.ஐ. "ஜவ்வு பிதுங்கியிருக்காம் சார், ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க." பணத்துக்கு வீட்டம்மா நகை அடகுக்குப் போயாச்சு.

"கை மரத்துப் போகுதாய்யா?"

"இல்லைங்க சார்."

"கழுத்துல வலி?"

"அதுவும் இல்லைங்க."

கையைப் பார்த்தேன். கட்டை விரல் மேடு தட்டையாகி, பக்கத்துப் புறங்கைச் சதை பள்ளமாகியிருந்தது. சுண்டு விரல் மேடு மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

புறங்கைச் சதைக்கும் சுண்டு விரல் மேட்டுக்கும் ஒரே அல்நார் நரம்புதான். மூணு சதைக்குமே தண்டுவடத்துல ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்துதான் சப்ளை. ஒரே லைன்ல ஒரு வீடு இருட்டு, அடுத்த வீட்டுல விளக்கு எரியுதுன்னா, ஒயர் அறுந்திருக்குன்னு சொல்வீங்களா? மணிக்கட்டுல நரம்பு நசுங்கினாலும் கட்டை விரல் மேடு கரையும். ஆனா பெரும்பாலும் அதுக்கு முன்னாடியே விரல் மரத்து, ராத்திரி தூக்கம் கெடும்.

இதுக்கு 'ஸ்ப்ளிட் ஹேண்ட்'னு பேர். ஏ.எல்.எஸ். என்கிற மோட்டார் நியூரான் நோயோட முக்கியமான தடயம். தடயம்தான், தீர்ப்பு இல்லை. ஈ.எம்.ஜி. பார்க்கணும்.

என் கருத்து, சில நண்பர்களுக்குக் கசக்கும்: ஐம்பது வயசுக்கு மேல எம்.ஆர்.ஐ. எடுத்தா, எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் ஜவ்வு பிதுங்கித்தான் இருக்கும். கழுத்துத் தேய்மானத்தாலயும் கை மெலியலாம், மறுக்கல. ஆனா வலியும் மரத்தலும் இல்லாம மெலியுற கைக்கு, நரம்பியல் மருத்துவர் பார்க்காம கழுத்துல கத்தி வைக்கக் கூடாது. ஏ.எல்.எஸ்.ஸை அந்த ஆபரேஷன் நிறுத்தாது. ரிலுசோல் மாத்திரை, மூச்சுக்கு உதவுற மாஸ்க் மெஷின், விழுங்குற பயிற்சின்னு செய்ய வேண்டியதெல்லாம் தள்ளிப்போகும்.

அவருக்கு ஈ.எம்.ஜி.யில தொடையிலயும் அதே கோளாறு. ஆபரேஷன் ரத்து. நகை திரும்பிடுச்சு. நோயைப் பத்திச் சொல்ல ஒரு மணி நேரம் ஆச்சு.

மெலியுற கை எல்லாம் ஏ.எல்.எஸ். கிடையாது. இருபது வயசுப் பையனுக்கு ஒரு கை மட்டும் மெலிஞ்சு, குளிர்ல இன்னும் மோசமாச்சுன்னா ஹிராயாமா நோயான்னு பாருங்க. 1959-ல ஜப்பான்ல விவரிச்சது, இந்தியாவுலயும் நிறையப் பதிவாகியிருக்கு. இதுல சுண்டு விரல் பக்கம்தான் அதிகம் கரையும். நேராப் படுக்க வெச்சு எடுத்த எம்.ஆர்.ஐ.யில தப்பிச்சுடலாம், கழுத்தை முன்னாடி குனிய வெச்சு எடுக்கணும். சில வருஷத்துல பெரும்பாலும் தானா நின்னுடும். சீக்கிரம் காலர் போட்டா இழப்பைக் குறைக்கலாம், போன சதை முழுசாத் திரும்பாது. அந்தப் பையனுக்குப் போய் ஏ.எல்.எஸ்.னு முத்திரை குத்துறது பாவம்.

அப்புறம், மெலிவோ பலக்குறைவோ இல்லாம சதை சும்மா துடிச்சா கூகுள் பண்ணிப் பயப்படாதீங்க. இன்பாக்ஸ்ல கை போட்டோவும் அனுப்பாதீங்க. போட்டோவுல ரிஃப்ளெக்ஸ் தட்டிப் பார்க்க முடியாது.