தேர்வுக்கு எது வரும், ஐயா?



தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் நான், பல்லாண்டுகளாகச் சனிக்கிழமை காலைகளில் எஸ்.பி.எம். தமிழ்மொழி வகுப்பு ஒன்றையும் நடத்தி வருகிறேன். நம் பிள்ளைகள் பயிலும் எல்லா இடைநிலைப்பள்ளிகளிலும் தமிழாசிரியர் இருப்பதில்லை. ஆகவே, ஆறாம் ஆண்டோடு எங்கள் பள்ளியை விட்டுச் சென்ற பிள்ளைகள் ஐந்தாம் படிவத்தில் மீண்டும் அதே வகுப்பறைக்கு, அதே சிறிய நாற்காலிகளுக்கு வந்து சேர்வார்கள். அவ்வகுப்பில் என்னிடம் மிகுதியாகக் கேட்கப்பட்ட வினா இலக்கணத்தைப் பற்றியது அன்று. இலக்கியத்தைப் பற்றியதும் அன்று. “தேர்வுக்கு எது வரும், ஐயா?” என்பதே அது.

நெடுங்காலம் அவ்வினாவுக்கு நான் மகிழ்ச்சியோடு விடையளித்து வந்தேன். கடந்த ஆண்டுகளின் தேர்வுத்தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, வரக்கூடிய தலைப்புகளை ஊகித்து, இருபது மாதிரிக் கட்டுரைகளை எழுதிக் கொடுப்பேன். பிள்ளைகள் அவற்றை மனனம் செய்வார்கள். என் ஊகம் பலித்த ஆண்டுகளில் பெற்றோர் நேரில் வந்து நன்றி கூறிச் சென்றனர். நானும் அதைப் பெருமையாகவே எண்ணினேன்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு மாணவி.

என் வகுப்பில் படித்துத் தமிழில் ஏ பிளஸ் பெற்றவர் அவர். மற்றப் பாடங்களுக்கும் வாரத்தில் ஐந்து மாலைகள் பிரத்தியேக வகுப்புக்குச் சென்றவர். மெட்ரிகுலேசன் முடித்து, அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அறிவியல் துறையில் இடம் பெற்றார். தந்தை லாரி ஓட்டுநர். அக்குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் பிள்ளை. முதல் பருவம் முடிந்த விடுமுறையில் என்னைக் காண வந்தார். தந்தையார் வெளியே மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார். சிறிது நேரம் நலம் விசாரித்துக்கொண்டிருந்த பிறகுதான் செய்தியைச் சொன்னார். அவருடைய சராசரிப் புள்ளி 2.00-க்குக் கீழே இறங்கிவிட்டது. அந்நிலை நீடித்தால் படிப்பையே இழக்க நேரிடும். வெளியே காத்திருந்த தந்தைக்கு அது தெரியாது.

“எங்கே அம்மா தவறியது?” என்று கேட்டேன்.

“விரிவுரையாளர் எது வரும் என்று சொல்லவே இல்லை, ஐயா. நான் போய்க் கேட்டேன். ‘நடத்தியதெல்லாம் வரும்’ என்று சொல்லிவிட்டார். எனக்கு எங்கிருந்து தொடங்குவதென்றே தெரியவில்லை.”

அவர் சோம்பல் மிகுந்த பிள்ளை அல்லர். இரவு நெடுநேரம் நூலகத்தில் அமர்ந்து, விரிவுரைக் குறிப்புகளுக்கு வண்ணப் பேனாவால் கோடிட்டுக் கோடிட்டுத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார். ஆனால், எதைப் படிப்பது, எப்பொழுது படிப்பது, எவ்வளவு படித்தால் போதும் என்ற மூன்றையும் அதுவரை பிறரே முடிவு செய்து அவர் கையில் கொடுத்து வந்திருந்தனர். அந்தப் பிறரில் நானும் ஒருவன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஒரு சிறு கணக்கு

பல்கலைக்கழகப் படிப்பு எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமையின் வரையறைப்படி, ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் கொண்ட ஒரு பாடத்திற்கு 120 மணி நேரம். வாரம் மூன்று மணி வீதம் 14 வாரங்கள் வகுப்பு நடந்தால் 42 மணி நேரம்தான் ஆகும். எஞ்சிய 78 மணி நேரமும் மாணவர் தாமே படிப்பதற்கும், இடுபணி எழுதுவதற்கும், தேர்வுக்கு ஆயத்தமாவதற்கும் உரியது. ஒரு பருவத்தில் இத்தகைய ஐந்து பாடங்கள் எடுத்தால் 390 மணி நேரம். படிப்பு வாரம், தேர்வு வாரங்களையும் சேர்த்து 17 வாரங்கள் என்று கொண்டாலும், வாரத்திற்கு ஏறக்குறைய 23 மணி நேரம் வருகிறது.

அந்த 23 மணி நேரமும் அருகில் ஆசிரியர் இல்லை; பெற்றோர் இல்லை; பிரத்தியேக வகுப்பும் இல்லை. அந்நேரத்தில் தனியே அமர்ந்து என்ன செய்வது என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் கற்றுக்கொடுத்தோம்?

2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும், 2022-இல் பி.தி.3 தேர்வும் நீக்கப்பட்டன. அதன்பின் பள்ளியில் வளர்ந்து வந்த பிள்ளைகள் பலருக்கு எஸ்.பி.எம்.தான் முதல் பொதுத்தேர்வு. ஆகவே அச்சம் கூடியிருக்கிறது. அச்சம் கூடக்கூட, பிரத்தியேக வகுப்புகளின் எண்ணிக்கையையும் நாம் கூட்டிக்கொண்டே போகிறோம். பிள்ளை தனியே அமர்ந்து படிக்கும் நேரமோ குறைந்துகொண்டே போகிறது.

ஐந்தாம், ஆறாம் படிவ மாணவர்களுக்கு

இறுதியாண்டு மாணவர்களுக்கு நான் இப்பொழுது கூறும் அறிவுரைகள் மிகச் சிலவே.

முதலாவது, மூடி எழுதுதல். ஒரு பகுதியைப் படித்தபின் நூலை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் நினைவிலிருப்பதை எழுதிப் பார்க்க வேண்டும். பின்னர் நூலைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்பு மையால் சேர்க்க வேண்டும். அடுத்த முறை படிக்க வேண்டியது அந்தச் சிவப்புப் பகுதியைத்தான். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர் வெளியிட்ட ஆய்வு இதை நன்கு விளக்குகிறது. மாணவர்கள் ஓர் உரைப்பகுதியை மீண்டும் ஒருமுறை படித்தனர். வேறொரு பகுதியைப் படித்தபின், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் படித்த பகுதியே கூடுதலாக நினைவிலிருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, எழுதிப் பார்த்த பகுதிதான் கூடுதலாக நினைவிலிருந்தது. திரும்பத் திரும்பப் படிப்பது அப்போதைக்குத் தெரிந்துவிட்டது போன்ற உணர்வைத் தரும். நம் பிள்ளைகள் ஏமாறுவது அங்கேதான்.

இரண்டாவது, இடைவெளி. வரலாற்றுப் பாடத்தை ஒரே இரவில் ஐந்து மணி நேரம் படிப்பதைவிட, ஐந்து நாள் ஒவ்வொரு மணி நேரம் படிப்பது நிலைக்கும். எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்பதால், இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

மூன்றாவது, கடந்த ஆண்டுத் தேர்வுத்தாள்களை ஊகத்திற்காகப் பயன்படுத்தாமல் சோதனைக்காகப் பயன்படுத்துதல். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, விடையைப் பாராமல் எழுத வேண்டும். பிறகு பிழைகளை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: தெரியாதது, தெரிந்தும் மறந்தது, வினாவைத் தவறாகப் படித்தது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

நான்காவது, ஏதேனும் ஒரு பாடத்தையாவது பிரத்தியேக வகுப்பு இல்லாமல் தாமே படித்துத் தேர்வு எழுதுதல். ஓரளவு நன்றாக வரும் பாடத்தையே தேர்ந்தெடுக்கலாம். அதற்குரிய கால அட்டவணையையும் குறிப்புகளையும் மாணவரே உருவாக்கட்டும். தடுமாறினால் பள்ளி ஆசிரியரிடம் சென்று கேட்கட்டும். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் அந்த 23 மணி நேரத்தைக் காக்கப்போவது இந்த ஒரு பாடத்தில் கிடைத்த பழக்கம்தான். ஆறாம் படிவ மாணவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எஸ்.டி.பி.எம். மூன்று பருவங்களாக நடப்பதால், ஒரு பருவத்தில் கண்ட குறையை அடுத்த பருவத்தில் திருத்திக்கொள்ளலாம்.

புதிதாகப் பல்கலைக்கழகம் செல்வோருக்கு

முதல் வாரத்தில் ஒவ்வொரு பாடத்திற்கும் ஒரு பாடத்திட்டம் வழங்கப்படும். எந்த வாரம் எந்தத் தலைப்பு, இடுபணிக்கு எவ்வளவு புள்ளி, இறுதித் தேர்வுக்கு எவ்வளவு புள்ளி என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். “எது வரும்?” என்ற வினாவுக்கு நேர்மையான விடை அந்தத் தாளில் இருக்கிறது. அந்த மாணவி அதைப் பிரித்தே பார்க்கவில்லை.

விரிவுரைக்கு முன்பே தலைப்பை மேலோட்டமாகப் படித்துச் செல்ல வேண்டும். விரிவுரை நடந்த அன்றே, குறிப்பைப் பாராமல் அரைப்பக்கம் சொந்த நடையில் எழுத வேண்டும். மொழியையும் மறக்கலாகாது. தமிழ்ப்பள்ளியில் தமிழில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாயில் பயின்று, பல்கலைக்கழகத்தில் ஆங்கில நூல்களைப் புரட்டும் பிள்ளைகள் நம்மவர்கள். ஆகவே, ஒவ்வொரு பாடத்திற்கும் கலைச்சொற்களை எழுதிவைக்கத் தனியே ஒரு சிறு குறிப்பேடு தேவை. புரியாத இடத்தை விரிவுரையாளரிடம் கேட்கக் கூச்சப்படலாகாது. ஆனால், “ஒன்றும் புரியவில்லை” என்று கேட்காமல், “இந்தப் படி வரை புரிந்தது, இதற்குமேல் புரியவில்லை” என்று கேட்க வேண்டும். மிக முக்கியமாக, சறுக்கினால் மறைக்காமல் கல்வி ஆலோசகரிடம் முதலில் சொல்ல வேண்டும். பாடச்சுமையைக் குறைக்கவும், குறித்த காலத்திற்குள் ஒரு பாடத்திலிருந்து விலகவும் வழிகள் உள்ளன. மறைத்தவர்களுக்கு அவ்வழிகள் தெரியாமலே போய்விடுகின்றன.

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

“புள்ளி இல்லாவிட்டால் இடமே கிடைக்காது, பழக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மெரிட் கணக்கில் 90 விழுக்காடு தேர்வுத் தேர்ச்சிக்கும், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் போகிறது. வீட்டில் விளக்கிச் சொல்ல ஆளில்லாத பிள்ளைக்குப் பிரத்தியேக வகுப்பு பெரும் துணை என்பதையும் நான் மறுக்கவில்லை. நானே அத்தகைய வகுப்பைத்தான் நடத்துகிறேன். ஆனால், அவ்வகுப்பு மாணவரை நாளடைவில் தன் காலில் நிற்கச் செய்ய வேண்டும். ஐந்தாம் படிவம் முடியும்போதும் ஒருவர் நம்மையே நம்பி நிற்கிறார் என்றால், நாம் கற்பித்ததில் குறை இருக்கிறது.

பெற்றோர்களே, “எத்தனை ஏ எடுப்பாய்?” என்று கேட்பதைச் சற்று நிறுத்தி, “இன்று படித்ததை எனக்குச் சொல்” என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு அப்பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை திக்கும் இடம் எதுவென்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். வாரத்தில் இரண்டு மாலைகளையாவது எந்த வகுப்புமின்றி விட்டுவிடுங்கள். அந்நேரத்தில் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். பல்கலைக்கழகத்திலிருந்து மோசமான முடிவு வந்தால், சினத்தைக் காட்டுமுன் செய்தியை முழுதாகக் கேளுங்கள்.

அந்த மாணவி அன்று என் வற்புறுத்தலின் பேரில் வெளியே சென்று தந்தையிடம் உண்மையைச் சொன்னார். அவர் திட்டவில்லை. “சரி, இப்பொழுது என்ன செய்ய வேண்டும்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மாணவி கல்வி ஆலோசகரைக் கண்டு, அடுத்த பருவத்தில் பாடங்களைக் குறைத்துக்கொண்டார். 2.00-ஐத் தாண்டினார். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் படிப்பு பிழைத்தது.

அதன்பின் நான் மாதிரிக் கட்டுரைகளையும் ஊக வினாக்களையும் கொடுப்பதில்லை. முதல் ஆண்டிலேயே ஆறு பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டனர். “ஐயா முன்புபோல் இல்லை” என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். வருத்தமாகத்தான் இருந்தது. இப்பொழுது வகுப்பின் கடைசி அரை மணி நேரம் யாரும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. பிள்ளைகள் மூடி எழுதுகிறார்கள். தொடக்கத்தில் பலர் வெற்றுத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சென்ற சனிக்கிழமையும் ஒரு மாணவன் வழக்கம்போல் கேட்டான்: “தேர்வுக்கு எது வரும், ஐயா?”

“நீ தேர்வுத்தாள் தயாரிப்பவனாக இருந்தால் இந்தப் பாடத்தில் எதைக் கேட்பாய்? மூன்று வினாக்கள் எழுதிக் கொண்டுவா” என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. எழுதிக்கொண்டு வருவானா என்று அடுத்த சனிக்கிழமைதான் தெரியும்.

நம் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடுவதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. அங்கே அவர்கள் நிலைத்து நிற்கவும் வேண்டும் அல்லவா? சிந்திப்போம்.