மலைக்குழந்தைக்கு 11.5 போதுமா?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து லைன் வீடொன்றில் வளரும் மூன்று வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11.5 கிராம். ஐந்து வயதுக்குள் 11 இருந்தால் போதும் என்று பழகிய கை, ‘ரத்தசோகை இல்லை’ என்று எழுதிவிடும். சேலத்துக் குழந்தைக்கு அது சரி. ஏற்காட்டுக் குழந்தைக்குத் தவறு.

சேர்வராயன் மலையில் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றில் ஆக்சிஜனின் அழுத்தம் குறைவு. அதை ஈடுகட்டச் சிறுநீரகம் எரித்ரோபொயட்டினைக் கூடுதலாகச் சுரக்கிறது, எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. ஆகவே நல்ல நிலையில் உள்ள மலைக்குழந்தையின் அளவு சமவெளிக் குழந்தையின் அளவைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் முன்பு 1,500 மீட்டருக்கு, அளந்த எண்ணிலிருந்து 0.5 கிராம் கழித்துப் பார்க்கச் சொன்னது. 2024 வழிகாட்டுதலில் அது 1.1 ஆகியிருக்கிறது, 1,000 முதல் 1,499 மீட்டர் வரை 0.8. 11.5இல் 1.1 போனால் 10.4, அதாவது லேசான ரத்தசோகை. 1,200 மீட்டரில் இருக்கும் கிராமத்துக் குழந்தைக்கும் 10.7தான் மிஞ்சும்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்தில் ரத்தம் கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பார்க்க வேண்டியது குழந்தை வாழும் இடத்தின் உயரத்தை. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் பெற்றோருடன் சமவெளியிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆன குழந்தைக்கு இந்தக் கழிவு பொருந்தாது. ‘எந்த ஊர், எத்தனை மாதமாக?’ என்று தாயிடம் கேட்காமல் முடிவு எழுதக் கூடாது.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் 50.7. இந்தத் தேசிய ஆய்வு உயரத்துக்கான திருத்தத்தைச் செய்கிறது. கணக்கெடுப்புக்குக் கிடைக்கும் திருத்தம், சிகிச்சை அறையில் தாயின் மடியில் இருக்கும் குழந்தைக்கும் கிடைக்க வேண்டாமா?

எல்லாக் குழந்தைக்கும் இரும்புச்சத்து சிரப் கொடுக்கிறோமே, எண்ணில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். மருந்தின் அளவில்தான் இருக்கிறது. தடுப்புக்கு வாரம் இருமுறை ஒரு மில்லி, 20 மில்லிகிராம் இரும்பு. ரத்தசோகை உறுதியானால் உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம், தினமும், இரண்டு மாதம். தவறாக ‘இல்லை’ என்று எழுதப்பட்ட குழந்தை இந்தச் சிகிச்சையை இழக்கிறது.

அதுவும் எந்த வயதில்! தாயின் வயிற்றில் சேர்த்த இரும்பு ஆறு மாதத்தில் தீரத் தொடங்குகிறது. தவழ்வது, நிற்பது, முதல் சொற்கள் என்று மூளை வேகமாக வளரும் காலமும் அதுவே. கோஸ்டா ரிக்காவில் குழந்தைப் பருவத்தில் கடும் இரும்புக் குறைவு இருந்தவர்களை ஆய்வாளர் பெட்சி லோசாஃபின் குழு தொடர்ந்து பார்த்தது. ரத்தசோகை சரியான பிறகும், ஐந்து வயதில் அவர்கள் வளர்ச்சிச் சோதனைகளில் பின்தங்கியிருந்ததை 1991இல் பதிவு செய்தது. ‘சாப்பிட மாட்டேங்கிறான், மண்ணைத் தின்கிறான், எப்பவும் சிணுங்குறான்’ என்று தாய் சொல்லும்போது, இரும்புக் குறைவை நினைக்காமல் ‘வயசு அப்படி’ என்று அனுப்பிவிடலாகாது.

எச்சரிக்கையும் வேண்டும். விரல் நுனியை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறையும். சந்தேகமிருந்தால் சிரையில் எடுத்த ரத்தமே மேல். திருத்தத்தால் மட்டும் கோட்டுக்குக் கீழே போன குழந்தைக்கு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்ப்பது நல்லது. காய்ச்சலோ சளியோ இருந்தால் அது பொய்யாக ஏறும். சிகிச்சைக்குப் பிறகும் அளவு ஏறவில்லை என்றால் தலசீமியாவையும் அரிவாளணு நோயையும் தேட வேண்டும். நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாளணு 1952லேயே கண்டறியப்பட்டது.

உணவு ஆலோசனையும் ஊருக்கு ஏற்றதாக இருக்கட்டும். கேழ்வரகுக் கூழோடு காப்பியோ டீயோ கொடுத்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும். மலையிலேயே விளையும் கொய்யாவும் ஆரஞ்சும் அதைக் கூட்டும்.

குழந்தையின் தாய்சேய் அட்டையில் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் ஊரின் உயரத்தையும் எழுதிவைக்கலாம். ஏற்காடு ஒன்றியத்துக் கிராமங்களின் உயரங்களைக் கைபேசி வரைபடத்தில் பார்த்து ஒரு தாளில் குறித்து, ஆய்வக மேசைமேல் ஒட்டிவிட்டால் செவிலியரே கழித்து எழுதிவிடுவார்.