தோல்வி ஆண்டுகளை அளக்கும் கோல்

இடிந்த வீட்டை மீளக் கட்டுவோனை எந்நாளில் மதிப்பிடுதல் தகும்? அத்திவாரம் தோண்டும் நாளில் வெறுங் குழியையே காண்போம். வீடு நிறைவுற்ற நாளில் புகழ்வதற்குப் பேரறிவு வேண்டுவதில்லை. இடைப்பட்ட காலத்தில் நடுவுநிலை நின்று மதிப்பிடுதலே அரிது. இவ்வருமையை, ஐக்கிய அமெரிக்காவின் கூடைப்பந்தாட்ட உலகில் இரு பொது முகாமையாளர் ஆற்றிய பணி நன்கு விளக்கும்.

அங்கே தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தைச் சேர்ந்த அணிகள், புதிய இளைஞரை ஆண்டுதோறும் முறைவைத்துத் தெரிந்தெடுக்கின்றன. மிகத் தோற்ற அணிகளுக்குத் திருவுளச்சீட்டில் முதலிடம் பெறும் வாய்ப்பு மிகுதி. மெலிந்தாரைத் தாங்க வகுத்த இவ்விதி, தோற்பதையே ஊதியமாக்கிவிட்டது. ஆட்டக்காரரைச் சேர்ப்பதும் விடுப்பதும் பொது முகாமையாளரின் பொறுப்பாகும்.

2013இல் பிலடெல்பியா அணியின் பொறுப்பை ஏற்ற சாம் ஹிங்கி, இவ்விதியின் பயனை முற்றாகக் கொள்ளத் துணிந்தார். சில வாரங்களுள் ஜுரூ ஹொலிடே என்னும் சிறந்த ஆட்டக்காரரை விடுத்து, காயமுற்றிருந்த நேர்லன்ஸ் நோயல் என்னும் இளைஞரையும் வருங்காலத் தெரிவுரிமை ஒன்றையும் பெற்றார். பருவமொன்றுக்கு 82 ஆட்டங்கள். அவற்றுள் அவ்வணி வென்றவை மூன்று பருவங்களில் முறையே 19, 18, 10. 2016 ஏப்பிரிலில் அவர் பதவி துறந்தார்.

ஒக்லகோமா அணியின் சாம் பிரெஸ்ரி 2019இல் போல் ஜோர்ஜ் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரரை லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணிக்கு விடுத்தார். ஈடாக, ஒரு பருவமே ஆடியிருந்த ஷே கில்ஜஸ் அலெக்சாந்தரையும் முதற்சுற்றுத் தெரிவுரிமைகள் ஐந்தையும் பிறவற்றையும் பெற்றார். அவ்வணியும் தோல்வியுட் புகுந்தது. 2021 டிசெம்பரில் 73 புள்ளி வேறுபாட்டால் தோற்றது. சங்கத்தின் வரலாற்றிலேயே அதனினும் பெரிய தோல்வி இல்லை. ஆனால் 2024–25 பருவத்தில் அதே அணி 68 ஆட்டங்களை வென்று வாகையும் சூடியது.

வாகை சூடியவரைப் புகழ்ந்து மற்றவரை இகழ்தல் எளிது. யாம் அதற்கு உடன்படோம். ஹிங்கி 2014இல் தெரிந்தெடுத்த ஜோயல் எம்பீட், காயத்தால் இரு பருவங்கள் ஆடாதிருந்தும், 2023இல் சங்கத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதை வென்றார். பிரெஸ்ரியோ 2007 முதல் பதவியிலிருப்பவர். 2012இல் இறுதிப் போட்டிவரை ஓர் அணியைக் கொண்டுசென்றவர். அவருக்கு வாய்த்த பொறுமை ஹிங்கிக்கு வாய்க்கவில்லை.

ஆயினும் முடிவை நோக்காமலே, தோற்ற காலத்திலேயே கண்டிருக்கத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. ஹிங்கி 2013இல் நோயலையும், 2014இல் எம்பீடையும், 2015இல் ஜலீல் ஒக்கபோரையும் சேர்த்தார். மூவரும் கூடையினருகே நின்றாடும் நெட்டையர். ஓரிடத்துக்கு மூவர் போட்டியிட, 2017 முடியுமுன் இருவர் நீங்கினர். இளையோர்க்கு வழிகாட்டும் மூத்தோரும் அவ்வணியில் அரியராயினர். பிரெஸ்ரியின் அணியிலோ இளைய அலெக்சாந்தர் முதற் பருவத்தில் கிறிஸ் போல் என்னும் மூத்தவரோடு ஆடிப் பயின்றார். 2022இல் கிடைத்த ஜேலன் வில்லியம்ஸ் பன்னிரண்டாம் தெரிவு. அது தோற்றுப் பெற்றதன்று, கிளிப்பர்ஸிடம் முன்னரே பெற்ற உரிமையால் வந்தது. அவ்வாண்டு இரண்டாந் தெரிவாக வந்த செற் ஹோம்கிரென் தோல்வியின் பயனே, மறுக்கவில்லை. ஆனால் வாகைக்கு அடிகோலியது தோல்வியன்று. ஆளறியுந் திறனும் பயிற்சியுமேயாம்.

தோற்பதை முதலீடென்று கூறுவோர் மறப்பது ஒன்றுண்டு. தோற்கும் அணியிலும் ஆடுவோர் மனிதரே. ஆட்டக்காரனின் இளமை சில ஆண்டுகளே. பார்வையாளர் கொடுத்த காசும் அன்றைய ஆட்டத்துக்கே. அடுத்த ஆண்டு வரவிருக்கும் நன்மாணாக்கருக்காக இவ்வாண்டு வகுப்பைக் கைவிடும் ஆசிரியரை எவரும் பொறார். 2019இல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தால் சங்கம், கடைநிலை அணிக்கு இருந்த நூற்றுக்கு 25 என்னும் வாய்ப்பை 14 ஆக்கி, கடைநிலையிலுள்ள மூன்று அணிகளையும் சமமாக்கியது. யாம் அதனை வரவேற்கிறோம்.

ஆகவே மீளக் கட்டுவோரை வினாவவேண்டியது எத்துணை ஆட்டம் தோற்றார் என்பதன்று. கொடுத்ததற்குத் தக்கதைப் பெற்றாரா, பெற்றோரை ஒருவர்க்கொருவர் இயைய அமைத்தாரா, தோற்ற நாளிலும் இளையோர்க்குக் கற்பித்தாரா என்பனவே. இவற்றுக்கு ஆமென விடை கிடைப்பின் பொறுத்திருத்தல் எம் கடன். இன்றேல், வருங்காலத்தைக் காட்டி அவர் கேட்கும் தவணையை மறுப்பதும் எம் கடனே.