ஒரே ஒரு போலி லெட்டர்... பறிபோனது கோடிகள் புரளும் இணையதள பெயர்! கோட்டை விட்ட கம்பெனி மாட்டியது எப்படி?

ஊரில் இல்லாதவரின் நிலத்தை ஆள்மாறாட்டம் செய்து, போலி பத்திரம் போட்டு விற்கும் கதையை கேள்விப்படாதவர் இருக்க முடியாது. அதே வேலையை இன்டர்நெட்டில் காட்டினார் ஒரு அமெரிக்க ஆசாமி. அவர் திருடியது நிலம் அல்ல, ஒரு பெயர். அதை சரிபார்க்காமல் தூக்கிக் கொடுத்தது, பாதுகாக்க வேண்டிய கம்பெனியேதான்!

'டாட் காம்' பெயரை யாரும் ஒரேயடியாக விலைக்கு வாங்கிவிட முடியாது. வருட கணக்கில் பணம் கட்டி பதிவு செய்துகொள்ள வேண்டும். இதை செய்து தருகிற கம்பெனிக்கு 'ரிஜிஸ்ட்ரார்' என்று பெயர். சார்பதிவாளர் ஆபீஸ் மாதிரிதான். அந்த கம்பெனியின் ரெக்கார்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர். ரெக்கார்டில் பெயர் மாறினால் எல்லாம் மாறிப்போச்சு.

மேட்ச் டாட் காம் என்ற ஜோடி தேடும் இணையதளத்தை தொடங்கிய கேரி கிரெமன், 1994-ல் 'செக்ஸ் டாட் காம்' என்ற பெயரை பதிவு செய்தார். பதிவு செய்து கொடுத்தது நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் கம்பெனி. அப்போது இதற்கு கட்டணமே கிடையாது. பின்னாளில் உதவும் என்று பெயரை சும்மா போட்டு வைத்திருந்தார் கிரெமன்.

அதன் மீது கண் வைத்தார் ஸ்டீபன் கோகன். லேசுப்பட்ட ஆள் இல்லை. திவால் வழக்கு வக்கீல் போல நடித்து ஏமாற்றி, ஜெயிலில் களி தின்றவர். 1995 அக்டோபரில் கம்பெனிக்கு ஒரு லெட்டரை நீட்டினார். கிரெமனின் 'ஆன்லைன் கிளாசிபைட்ஸ்' நிறுவனம் கோகனுக்கு எழுதியது போல ஜோடிக்கப்பட்ட லெட்டர் அது. "கிரெமனை வேலையை விட்டு நீக்கிவிட்டோம். இந்த பெயர் எங்களுக்கு வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளலாம். எங்களிடம் நேரடி இன்டர்நெட் வசதி இல்லாததால் பதிவு கம்பெனிக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்" என்கிற ரீதியில் போகிறது அந்த லெட்டர்.

பெயரிலேயே 'ஆன்லைன்' வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இன்டர்நெட் வசதி இல்லையாம்! சின்ன பிள்ளைக்கு கூட சந்தேகம் வரும். கம்பெனிக்கு வரவில்லை. கிரெமனுக்கு ஒரு போன் போட்டு கேட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும். அதையும் செய்யாமல் பெயரை கோகனுக்கு மாற்றிக் கொடுத்தது. கொஞ்ச நாள் கழித்து விஷயம் தெரிந்து கிரெமன் முறையிட்டபோது, "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று கையை விரித்தது.

தலைக்கு 50 ஆயிரம் டாலர்!

ஆபாச இணையதளம் நடத்தி கோகன் பணத்தை அள்ளினார். கிரெமன் சும்மா விடவில்லை. கலிபோர்னியா கோர்ட்டில் வருட கணக்கில் மல்லுக்கட்டி, 2000-ல் பெயரை மீட்டார். 2001-ல் 6½ கோடி டாலர் கொடுக்கும்படி கோகனுக்கு கோர்ட்டு உத்தரவிட்டது. அதற்குள் பணத்தை வெளிநாட்டுக்கு கடத்திவிட்டு மெக்சிகோவுக்கு கம்பி நீட்டிவிட்டார் கோகன்.

அவரை பிடித்து கொடுத்தால் 50 ஆயிரம் டாலர் பரிசு என்று அதே இணையதளத்தில் போட்டோவுடன் விளம்பரம் போட்டார் கிரெமன். "பரிசுக்கு ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கும் மெக்சிகோ அதிகாரிகளுக்கும் துப்பாக்கி சண்டை நடக்கிறது. பிடிவாரண்டை ரத்து செய்யுங்கள்" என்று கோகனின் வக்கீல்கள் ஒரு கதை விட்டனர். கோர்ட்டு நம்பவில்லை. 2005-ல்தான் கோகன் மெக்சிகோவில் பிடிபட்டார்.

திருடனிடம் பணம் பெயராது என்றதும் கிரெமனின் பார்வை கம்பெனி பக்கம் திரும்பியது. "காசு வாங்காமல் செய்து கொடுத்த வேலைதானே, ஒப்பந்தமே இல்லையே. பெயர் என்பது கையில் பிடிக்கிற பொருளும் இல்லையே" என்று வாதாடியது கம்பெனி. கீழ் கோர்ட்டு அதை ஏற்றது. ஆனால் 2003 ஜூலையில் அப்பீல் கோர்ட்டு இந்த வாதத்தை தவிடுபொடி ஆக்கியது. ஒப்பந்தம் இல்லை என்பது சரி, ஆனால் பெயரும் சொத்துதான், மனையை பதிவு செய்வது போலத்தான் இதுவும், ஒருவர் சொத்தை இன்னொருவருக்கு தூக்கிக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே கம்பெனி சமாதானத்துக்கு வந்தது. எவ்வளவு கொடுத்தது என்பதை இரு தரப்பும் வெளியே சொல்லவில்லை.

அதற்கு பிறகாவது எல்லோரும் உஷாரானார்களா? அதுதான் இல்லை. 2005 ஜனவரியில் நியூயார்க்கின் பழைய இன்டர்நெட் நிறுவனமான பேனிக்சின் பெயரை யாரோ ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் ஐ.டி. கம்பெனிக்கு மாற்றிவிட்டனர். அன்று வார விடுமுறை. வாடிக்கையாளர்களின் மெயில் எல்லாம் அந்தரத்தில் தொங்க, பெயரை மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

2007-ல் நடந்தது இன்னும் மோசம். ரிஜிஸ்டர்பிளை என்ற அமெரிக்க கம்பெனியின் பங்குதாரர்களுக்குள் அடிதடி. பெயரை புதுப்பிக்க பணம் கட்டியவர்களின் பெயர்கள் கூட காலாவதி ஆகின. கடைசியில் உலக அளவில் இதை கண்காணிக்கும் 'ஐகான்' அமைப்பு லைசென்சை ரத்து செய்தது. சுமார் 8½ லட்சம் பெயர்கள் கோடாடி கம்பெனிக்கு மாற்றப்பட்டன.

நம்ம ஊரில் என்ன பிரச்சினை?

நம்ம ஊரில் போலி லெட்டர் கூட தேவையில்லை. கடைக்கு இணையதளம் செய்து தரும் பையனிடம் "நீயே பெயரையும் பதிவு பண்ணிடுப்பா" என்று பணத்தை கொடுத்துவிடுகிறார் முதலாளி. அவனும் தன் பெயரிலேயே பதிவு செய்துவிடுகிறான். நாளைக்கு பில் தகராறு வந்தால் பெயர் அவன் கையில். கம்பெனியை கேட்டால், "எங்கள் ரெக்கார்டில் உங்கள் பெயரே இல்லை" என்பார்கள். பணம் கட்டிய ரசீது யாரிடம் இருக்கிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

பெயருக்கு சட்ட பாதுகாப்பு இல்லாமல் இல்லை. சென்னையை சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் 'சிஃபி' பெயர் வழக்கில், டிரேட் மார்க்குக்கு உள்ள பாதுகாப்பு இணையதள பெயருக்கும் உண்டு என்று 2004-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் அங்கு போய் நிற்க பெட்டிக்கடைக்காரரால் முடியுமா?

காலாவதி தேதியிலும் ஏமாறுகிறவர்கள் அதிகம். டாட் காம் பெயர் காலாவதியானால் 45 நாள் வரை கம்பெனி வைத்திருக்கலாம். அந்த நேரத்திலேயே ஏலம் போடும் கம்பெனிகள் உண்டு. அதற்கு பிறகு பெயர் நீக்கப்பட்டால், 30 நாளுக்குள் அபராதம் போல கூடுதல் பணம் கட்டி மீட்கலாம். அதையும் விட்டால் இன்னும் 5 நாள்தான். பிறகு யார் முந்துகிறாரோ அவருக்கு.

கம்பெனி பிடிக்கவில்லையா? வேறு கம்பெனிக்கு மாற ஒரு ரகசிய கோட் வேண்டும். சொந்தக்காரர் கேட்டால் 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். இழுத்தடித்தால் ஐகானுக்கு புகார் அனுப்பலாம், காசு கிடையாது. ஆனால் 'டாட் இன்' பெயர் வைத்திருப்பவர்கள் அங்கே போய் பலன் இல்லை. அவர்கள் தட்ட வேண்டிய கதவு டெல்லியில் உள்ள 'நிக்சி' அமைப்பு.