விழுந்தது இரும்பு; வரமன்று!

தென்காசியை அடுத்த இலத்தூரில் சனீசுவரனுக்குத் தனிச் சந்நிதி உண்டு. சனிக்குரிய உலோகம் இரும்பு என்பது சோதிடன் வாக்கு. இரும்புச் சட்டியில் எண்ணெய் ஊற்றி முகம் பார்த்துத் தானம் செய்தால் தோஷம் தொலையுமாம்!

நாளை அவ்வூர் வயலில் மெய்யாகவே வானத்து இரும்பு விழுந்தால் என்ன நடக்கும்? மஞ்சள் துணி வரும், உண்டியல் வரும், ஆராய்ச்சியாளன் வருமுன் கட்டிக்கு ஒரு திருநாமமும் வந்துவிடும்!

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. 1492-இல் ஐரோப்பாவின் என்சிசைம் ஊரில் விண்கல் விழுந்தது. தனக்கு ஆண்டவன் அனுப்பிய நற்குறி என்றான் மன்னன் மாக்சிமிலியன். கல் மாதா கோவிலுக்குள் போயிற்று!

வானிரும்பு விழுவது உண்மை. 1751-இல் குரோவாசியாவின் ஹ்ராசினாவில் விழுந்தது. 1870 சனவரி 23-இல், அன்றைய சென்னை மாகாணத்து நெடகொல்லா என்னும் சிற்றூரில் விழுந்தது. எப்போதோ விழுந்து கிடந்த கட்டியொன்று 1898-இல் நம் கோடைக்கானலில் கண்டெடுக்கப்பட்டது.

அனுப்பியவன் சனியா? சனிக்கோள் நீரகமும் ஹீலியமும் மிகுந்த வாயுப் பேருருண்டை. இரும்போ, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே மோதி உடைந்த சிறுகோள்களின் சிதறல். பெரும்பாலான கட்டிகளை அறுத்து, மெருகேற்றி, அமிலம் பூசினால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் தோன்றும். இரும்பும் நிக்கலும் இலட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்லக் குளிர்ந்து எழுதிய எழுத்து அது. எந்த உலைக்களத்திலும் வார்க்க முடியாதது!

பகுத்தறிவாளருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1768-இல் பிரான்சின் லூசேயில் கல் விழக் கண்டனர் உழவர். அது வானிலிருந்து வந்ததன்று, மின்னல் தாக்கிய கல் என 1772-இல் தீர்ப்பளித்தனர் லவாசியேயும் தோழர்களும். 1794-இல் கிளாட்னி, வானிலிருந்து இரும்பும் கல்லும் விழும் என்று எழுதினார்; எள்ளி நகையாடினர். 1803-இல் லேகிள் ஊரில் கல்மாரி பொழிந்தது. பியோ என்னும் அறிஞர் ஊர் ஊராய்ச் சென்றார், பாமரர் சொன்னதைக் கேட்டார், கற்களைச் சோதித்தார், உண்மையென்று அறிவித்தார். அறிவுலகம் தன்னைத் திருத்திக்கொண்டது. கோவில் என்றேனும் தன் தலபுராணத்தைத் திருத்தியதுண்டா?

பாமரன் கண்டதை மறுப்பது பகுத்தறிவன்று. கண்டதன்மீது கட்டிய கதையை மறுப்பதே பகுத்தறிவு!

இலத்தூர் இளைஞனே! உன் வயலில் அப்படியொன்று விழுந்தால் கும்பிடாதே, விற்காதே, உடைத்துப் பங்கிடாதே. விழுந்த இடத்தையும் நேரத்தையும் குறித்துவை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குச் செய்தி அனுப்பு. அதற்குத் தேவை ஆரத்தியன்று, ஆராய்ச்சி!