மெயிலுக்குப் பதில் போடுவதுதான் வேலையா?



நம் பிள்ளைகளில் பலர் இன்று கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறீர்கள். இலந்தைக்குளம், வடபழஞ்சி என்று மதுரையிலேயே சிலர், சென்னை, பெங்களூரு என்று பலர். கே.கே. நகர் வீட்டுக்கு வந்தால் எல்லோரும் ஒரே பாட்டுத்தான்: "டீச்சர், மெயில் பாத்து முடிக்கவே மத்தியானம் ஆயிடுது. புரோகிராம் எழுத உக்காந்தா அமெரிக்காக்காரன் எந்திரிச்சிடுறான்."

உண்மைதான். கோடையில் நமக்குச் சாயங்காலம் 6.30 என்றால் நியூயார்க்கில் காலை 9 மணி. அங்கே ஆபீஸ் திறக்கும்போது இங்கே வீட்டில் விளக்கேற்றும் நேரம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மெயிலுக்கு உடனுக்குடன் பதில் போடுவதைச் சுறுசுறுப்பு என்று நினைக்காதீர்கள்.

வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கிறோம். எழுதி முடித்த ஒவ்வொரு பிள்ளையும் அந்த நிமிஷமே நோட்டோடு மேஜைக்கு வந்தால் என்ன ஆகும்? நாற்பது நோட்டும் திருத்தியாகிவிடும், பின்னம் மட்டும் ஒருவருக்கும் விளங்கியிருக்காது. அதனால்தான் "நோட்டை மேஜையில் அடுக்கு, பாடம் முடிந்ததும் பார்க்கிறேன்" என்போம். புரோகிராம் எழுதுவதும் அப்படித்தான். பத்து விஷயத்தை ஒன்றாக மனதில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை. நடுவில் கலைந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

உங்கள் துறையின் பெரியவர் டொனால்ட் கனூத். ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தவர், டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கியவர். சுமார் 15 ஆண்டுகள் மெயில் பயன்படுத்திவிட்டு, 1990 ஜனவரி 1 முதல் மெயில் முகவரியே வேண்டாம் என்று விட்டுவிட்டார். அவருக்கு எழுத வேண்டுமானால் தபாலில் எழுத வேண்டும். அவரும் மொத்தமாகச் சேர்த்து வைத்துத்தான் பார்ப்பார்.

"அவர் பேராசிரியர், எங்களுக்குக் கிளையன்ட் இருக்கிறானே" என்பீர்கள். நியாயம். முழுக்க விட முடியாது, நேரம் குறிக்கலாம். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மற்ற நேரம் மணிச்சத்தத்தை அணைத்து வையுங்கள். இயந்திரம் தானாக அனுப்பும் மெயில்கள் நேராக வேறு ஃபோல்டருக்குப் போகட்டும். தலைபோகிற அவசரம் என்றால் போன் செய்யச் சொல்லுங்கள்.

இதில் பெறுகிறவரைவிட அனுப்புகிறவருக்கே பொறுப்பு அதிகம். கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தபோது 'பொருள்' என்று ஒரு வரி போட வைத்தோமே, நினைவிருக்கிறதா? அதைப் படித்ததும் என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்று தெரிய வேண்டும். சம்பந்தமில்லாத இருபது பேருக்கு நகல் எதற்கு?

இன்று உங்களில் சிலர் டீம் லீடர், மேனேஜர். நீங்கள் ராத்திரி பதினோரு மணிக்கு அனுப்பும் மெயிலை "நாளைக்குப் பாத்தா போதும்" என்று எந்தச் சின்னப் பிள்ளையாலும் ஒதுக்கிவிட முடியாது. பதில் வந்த வேகத்தை வைத்து ஆளை எடை போடாதீர்கள். முடித்த வேலையைப் பாருங்கள்.

வேலை நேரம் முடிந்தபின் மெயிலை விட்டு விலகியிருக்கும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. நம் நாட்டில் சுப்ரியா சுலே இதற்காக மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டுமா? நாளைக் காலையில் உங்கள் டீமிலேயே தொடங்கலாமே. ராத்திரி அம்மா போன் செய்தால் "மெயில் பாத்துட்டு இருக்கேன்மா" என்று வைக்காமல் பேசுகிற பிள்ளைதான், மறுநாள் தெளிந்த மனதோடு வேலைக்கு உட்காரும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். போனில் கூப்பிடுங்கள், நேரில் வந்தால் காபி உண்டு. மெயில் மட்டும் வேண்டாம்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கே.கே. நகர், மதுரை.