சின்ன வள்ளமும் பெரிய பொஸ்ஸும்

முகத்துவாரத்தில் பின்னேரம் கடலைப் பார்த்து நின்றால் இரண்டு உலகம் ஒன்றாகத் தெரியும். கரையில் ஃபைபர் வள்ளங்கள். தூரத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்துபோகும் கொள்கலன் கப்பல்கள், மிகப் பெரியவை 400 மீற்றர் வரை நீளமானவை. அந்த மலை போன்ற கப்பல் துறைக்குள் வந்த பிறகு சொந்த எஞ்சினை மட்டும் நம்பித் திரும்புவதில்லை. இழுவைப் படகுகள் இரண்டு மூன்று போய், பக்கத்தில் முட்டியும் வடம் போட்டு இழுத்தும் அதைத் தளத்தோடு அணைக்கின்றன. பெரிய கப்பலோடு ஒப்பிட்டால் இழுவைப் படகு ஒரு தீப்பெட்டி. எந்த இடத்தில், எந்த நேரத்தில் தள்ள வேண்டும் என்பது அதை ஓட்டுபவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இதே காட்சியைத்தான் கொட்டாஞ்சேனையில் டியூஷன் விட்டு வரும் பொடியன்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கைப்பேசித் திரையில் பார்க்கிறார்கள். கீழே ஒரு சின்ன விண்கப்பல். மேலே திரையையே அடைத்துக்கொண்டு ஒரு ராட்சதக் கப்பல், கேம் பாஷையில் 'பொஸ்'. பெரியவர்கள் இதைப் பார்த்தவுடன் "படிப்பு நாசம்" என்கிறார்கள். கவலை நியாயமானதுதான், ஆனால் கேள்வி பிழையான இடத்தில் கேட்கப்படுகிறது. பிள்ளை கேம் விளையாடுகிறானா என்பதைவிட, அந்தச் சின்னக் கப்பலோடு பொஸ்ஸை வெல்லும் வழி அந்த கேமில் இருக்கிறதா, அல்லது பெரிய கப்பலைக் காசு கொடுத்து வாங்கு என்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். முதலாவது ஒரு தொழிற்பயிற்சி மாதிரி. இரண்டாவது வெறும் வியாபாரம்.

சின்னக் கப்பலுக்கும் பொஸ்ஸுக்கும் இடையிலான இந்த மோதலுக்கு வயது நாற்பதுக்கு மேல். 1978 இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டோமொஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தார். அதில் பொஸ் இல்லை, படையெடுப்பு மட்டும். 1980 இல் வந்த 'ஃபீனிக்ஸ்' ஐந்தாவது சுற்றில் ஒரு தாய்க்கப்பலை நிறுத்தியது. அதன் அடிப்பாகத்தைச் சுட்டுச் சுட்டுத் துளைத்து, உள்ளே இருக்கும் ஒரே ஒரு ஆளைக் கொல்ல வேண்டும். பொஸ்ஸின் உடம்பு எவ்வளவு பெரிதானாலும் உயிர் ஓரிடத்தில்தான் என்ற கணக்கு அன்றே தொடங்கிவிட்டது.

1981 இல் நம்கோ வெளியிட்ட 'கலகா'வை புறக்கோட்டையில் வாங்கிய டிவி கேம் கேசட்டுகளில் ஆடி வளர்ந்தவர்கள் இன்று நாற்பதைத் தொடுகிறார்கள். அந்த கேமின் ஒரு நுட்பத்தைக் கிட்டப் பார்க்க வேண்டும். எதிரிக் கூட்டத்தின் தலைவன் கீழே வந்து ஒரு ஒளிவலையை விரிப்பான். அதில் சிக்கினால் உங்கள் கப்பல் அவனிடம் பிடிபடும், ஓர் உயிர் போகும். பிறகு அவன் அந்தக் கைதிக் கப்பலையும் கூட்டிக்கொண்டு பாய்ந்து வரும்போது, கைதியில் படாமல் அவனை மட்டும் சுட்டால் கப்பல் திரும்பி வந்து உங்கள் கப்பலோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது இரட்டைக் கப்பல், இரட்டைச் சூடு. பொடியன்கள் துள்ளிக் குதிக்கும் இடம் இது. ஆனால் உடம்பும் இரட்டிப்பு அகலமாகிவிட்டது. முன்பு இடையில் நுழைந்து தப்பிய குண்டுகள் இப்போது ஏதாவது ஒரு பாதியில் படும். பெரிதாவதற்கு விலை உண்டு என்பதை ஒரு வரி விளக்கமும் இல்லாமல் அந்த கேம் கையால் உணரவைத்தது.

பின்னால் வந்த ஜப்பானிய விண்போர் கேம்கள் சின்ன உடம்பை ஒரு கலையாகவே வளர்த்தன. கேவ் நிறுவனத்தின் 'டோன்பாச்சி' 1995 இல் வந்தது. அந்த வகை கேம்களில் திரை முழுக்கக் குண்டு மழை பொழியும், பார்த்தவர் பயந்துபோவார். ஆனால் குண்டு பட்டால் சாகும் இடம் கப்பலின் நடுவில் சில புள்ளிகள் மட்டும். இறக்கையில் பட்டால் ஒன்றும் ஆகாது. அது தெரிந்தவர் மழைக்குள் நடந்து போகிறார். ட்ரெஷர் நிறுவனத்தின் 'இகருகா' (2001) இன்னும் ஒரு படி போனது. கப்பல் கறுப்புக்கும் வெள்ளைக்கும் மாறும். தன் நிறக் குண்டை விழுங்கும், மற்ற நிறம் கொல்லும். பொஸ்ஸுக்கு நேர வரம்பு உண்டு, அது முடிந்தால் அவன் போய்விடுவான். அதனால் ஒரு குண்டுகூடச் சுடாமல் முழு கேமையும் முடிக்கலாம். அப்படி முடிப்பவருக்கென்று ஒரு தனிப் பட்டமே வைத்திருக்கிறார்கள்.

வலையமைப்பில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக ஆடும் 'ஈவ் ஒன்லைன்' ஐஸ்லாந்தில் செய்யப்பட்டு 2003 இல் வெளிவந்தது. அதிலும் கணக்கு இதுதான். பெரிய கப்பலின் பெரிய பீரங்கி மெதுவாகத்தான் திரும்பும். வேகமான சின்னக் கப்பல் ஒட்டினாற்போல் நெருங்கிச் சுற்றிக்கொண்டே இருந்தால் குறி விழாது. அப்படிச் சுற்றி, அந்த ராட்சதன் தப்பி ஓடாதபடி பிடித்து வைத்திருப்பதுதான் சின்னக் கப்பலின் வேலை. மற்றவர்கள் வந்து அடிப்பார்கள். 2014 ஜனவரியில் அங்கே ஒரு பெரும் போர் நடந்தது. 'டைட்டன்' எனப்படும் மிகப் பெரிய கப்பல்கள் 75 அழிந்தன. அந்தப் போருக்குக் காரணம் ஒரு பகுதியின் உரிமைக்கான கட்டணம் உரிய நேரத்தில் கட்டப்படாமல் போனது.

ஆனாலும் சின்னக் கப்பலின் முழு மனதையும் காட்டும் கேம் ஒன்றைச் சொல்லச் சொன்னால், 2012 இல் வெளியான 'எஃப்டிஎல்'தான். மத்தியூ டேவிஸ், ஜஸ்டின் மா என்ற இரண்டு பேர் செய்தது. பொதுமக்களிடம் 10,000 டொலர் கேட்டார்கள், இரண்டு இலட்சத்துக்கு மேல் கிடைத்தது. படம் பெரிதாக ஒன்றுமில்லை, மேலிருந்து பார்க்கும் அறை வரைபடம் மட்டும். பழைய மடிக்கணினியிலும் ஓடும். தொடக்கக் கப்பலின் பெயர் கெஸ்ட்ரல். மூன்று பேர் கொண்ட குழு, ஒரு லேசர், ஒரு ஏவுகணைக் குழாய். ஏழு பகுதிகளைத் தாண்டி எட்டாவதுக்குப் போனால் அங்கே எதிரிப் படையின் தலைமைக் கப்பல் நிற்கும். மூன்று தடவை தோற்கடித்தால்தான் அது சாகும். முதன்முறை அதன் முன்னால் போய் நிற்கும் எல்லோரும் அநேகமாகத் தோற்பார்கள்.

தோற்ற பிறகுதான் பார்க்கத் தொடங்குவார்கள். அந்த ராட்சதக் கப்பலின் லேசரை நம் கப்பலின் கவசம் தடுக்கும், ஆனால் ஏவுகணைகள் கவசத்தைத் தாண்டி நேரே வந்து விழும். அப்படியானால் முதலில் வாயடைக்க வேண்டியது ஏவுகணை அறையை. 'நோர்மல்' என்ற கடின நிலையில் அந்த ஆயுத அறைகள் கப்பலின் மற்ற அறைகளோடு இணைக்கப்படவில்லை. கதவு இல்லை. உள்ளே ஒரே ஒரு காவலாளி. இரண்டு பேரை இடமாற்றிக் கருவியால் அந்த அறைக்குள் இறக்கினால், அவனுக்கு உதவிக்கு வர ஆளில்லை. அவனை முடித்து ஆயுதத்தை உடைத்துவிட்டால் அதைத் திருத்தவும் ஆளில்லை. தன் லேசரைச் சுடுவதிலும் பொறுமை வேண்டும். ஒவ்வொரு குண்டும் எதிரிக் கவசத்தின் ஓர் அடுக்கைத்தான் கழற்றும், சற்று நேரத்தில் அந்த அடுக்கு திரும்ப ஏறிவிடும். ஆகவே முதல் ஆயுதம் தயாரானவுடன் விரல் பரபரத்தாலும் அடக்கிக்கொண்டு, இரண்டாவதும் தயாராகும்வரை காத்திருந்து, இரண்டையும் ஒரே மூச்சில் விட வேண்டும்.

இன்னும் ஒரு விசயம் உண்டு. வெற்றிக் களிப்பில் எதிரிக் கப்பலில் இருக்கும் எல்லோரையும் கொன்றுவிட்டால் கப்பலைக் கணினி மூளை பொறுப்பெடுத்துக்கொள்ளும், உடைந்ததெல்லாம் தானாகத் திருந்தத் தொடங்கும். ஆகவே அனுபவசாலி லேசர் அறையில் அதேபோல் தனியாக இருக்கும் ஓர் ஆளை மட்டும் உயிரோடு விடுகிறார். எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று பதினைந்து வயதுப் பொடியனுக்கு இதைவிட நன்றாக யார் சொல்லித் தர முடியும்?

இனி மற்றப் பக்கம், அந்த வியாபாரம். ஒரு காலத்தில் குறுக்குவழி இலவசமாக இருந்தது. கொனாமியின் 'கிரேடியஸ்' (1985) விண்போர் கேமை வீட்டு டிவி கேமுக்கு மாற்றிய கசுஹிசா ஹஷிமோட்டோவுக்கு, பரிசோதிக்கும்போது அது மிகக் கடினமாக இருந்தது. அதனால் பொத்தான்களை ஓர் ஒழுங்கில் அழுத்தினால் கப்பலுக்கு முழு ஆயுதமும் கிடைக்கும்படி ஒரு வழியைத் தனக்காக வைத்தார். அது கேமிலேயே தங்கிவிட்டது, உலகம் முழுக்கப் பரவியது. 2020 இல் அவர் காலமானபோது அந்தப் பொத்தான் ஒழுங்கைச் சொல்லித்தான் அஞ்சலி செலுத்தினார்கள். நண்பன் நண்பனுக்குக் காதில் சொன்ன இரகசியத்துக்கு இன்று விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். 2017 இல் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2' வந்தபோது வலுவான பாத்திரங்களை அடைய மணிக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது, காசு கொடுத்து வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளும் இருந்தன. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், வெளியீட்டுக்கு முந்தைய இரவிலேயே நிறுவனம் அந்த விற்பனையை நிறுத்தியது. அடுத்த ஆண்டு பெல்ஜியம் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. அதே 2018 இல் 'ஸ்டார் சிட்டிசன்' என்ற, இன்னும் முழுமையாக வெளிவராத விண்வெளி கேம், தன் கப்பல்களை ஒரே பொதியாக 27,000 டொலருக்கு விற்றது.

27,000 டொலரை விடுங்கள். முகத்துவாரத்தில் ரீலோட் போடக் கொடுத்த காசில் கேமுக்கு 'பொதி' வாங்கிய பிள்ளைக்கு அந்தச் சில நூறு ரூபாயே பெரிது. காசு மட்டுமல்ல இழப்பு. பொஸ்ஸிடம் ஐந்து முறை தோற்று, ஆறாவது முறை அவன் இடப்பக்கம் சுடுவதற்கு முன் ஒரு கணம் நிற்கிறான் என்று கண்டுபிடிக்கும் அந்த நிமிடம் பறிபோகிறது. அந்த நிமிடத்துக்காகத்தான் கேம் விளையாட வேண்டும். அதைக் காசுக்கு விற்பது பிள்ளைகளிடம் செய்யும் திருட்டு.

அந்த நிமிடத்தைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்க எங்கள் நாட்டில் வழி இல்லாமல் இல்லை. 2019 இல் விளையாட்டு அமைச்சு இ-ஸ்போர்ட்ஸை ஒரு விளையாட்டாக அங்கீகரித்தது. கேமர்.எல்கே என்ற அமைப்பு பாடசாலைகளுக்கிடையே போட்டிகள் நடத்துகிறது. அவை பெரும்பாலும் அணிகள் மோதும் போட்டிகள், நல்ல கணினியும் வேகமான இணையமும் கேட்பவை. கொழும்பு வடக்கில் எல்லா வீட்டிலும் அவை இருக்காது. ஆனால் பழைய மடிக்கணினி இரண்டு ஒரு வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ கிடைக்கும். 'எஃப்டிஎல்' ஒரு தடவை முழுக்க ஆட ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம், இணையம் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பின்னேரத்துக்குள் நாலு பேர் ஆடி முடிக்கலாம். ஒரே ஒரு விதி: எல்லோருக்கும் கெஸ்ட்ரல்தான். தோற்பவர் எழுந்து போகும்போது, எந்த அறையிலிருந்து வந்த அடி தன் கப்பலை உடைத்தது என்று அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.